மாப்பிள்ளை ஆழமாகப் போர் போடச் சொல்கிறார், பணம் தரலாமா?

தண்ணீர் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்பவர், நீர் ஆய்வகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியலாளராக இருந்தவர். ஏற்காட்டில் பிறந்து, கடலோர மாவட்டங்களில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடலோரத் தண்ணீரைப் பற்றியவை.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகளை வேதாரண்யம் பக்கம் ஒரு கடலோர ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். வீட்டுக் கிணற்றில் பன்னிரண்டு அடியிலேயே தண்ணீர் நிற்கிறது. போன சித்திரையிலிருந்து இலேசாக உப்புக் கரிக்கிறது. நூற்றைம்பது அடிக்குப் போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்று மாப்பிள்ளை பணம் கேட்கிறார். நம் ஊரில் ஆயிரம் அடி போட்டும் புழுதிதான் வருகிறது. அங்கே நூற்றைம்பதுதானே, கொடுத்துவிடலாமா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: கொடுக்காதீர்கள். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் பழியை என்மேல் போட்டுவிடுங்கள்.

சேலத்துக்காரருக்கு ஆழத்தின் மேல் ஒரு நம்பிக்கை. நம் காலடியில் இருப்பது பாறை. வெடிப்பு இருக்கும் இடத்தில்தான் தண்ணீர். மேல் வெடிப்பு வற்றினால் அடுத்த வெடிப்பைத் தேடிக் கீழே போகிறோம். "இன்னும் நூறு அடி போய்ப் பார்க்கலாம்" என்று ரிக் வண்டிக்காரர் சொல்வார். நாமும் நகையை அடகு வைத்துவிட்டுப் போவோம். உங்கள் சம்பந்தி வீட்டுக் காலடியில் இருப்பது மணல். அங்கே கீழே போகப் போக எதிர்ப்படுவது கடல்.

கடலோர மணலில் இறங்கும் மழைநீர், அடியில் ஏற்கெனவே ஊறி நிற்கும் கடல் நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் 1,000 கிராம் என்றால் கடல் நீர் ஏறத்தாழ 1,025 கிராம். இந்த இருபத்தைந்து கிராம் வித்தியாசத்தில்தான் கடலோரக் கிணறுகள் எல்லாம் பிழைத்துக் கிடக்கின்றன. கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டு சொன்ன கணக்கு ஒன்று உண்டு: கிணற்று நீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்தில் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். சரக்கு ஏற்றிய தோணியைப் பார்த்திருப்பீர்கள். மேலே தெரிவது ஒரு சாண். மீதி எல்லாம் நீருக்குள். சரக்கை இறக்கினால் தோணியின் அடிப்பகுதி மேலே வந்துவிடும். அதே போல, மோட்டார் போட்டுக் கிணற்று மட்டத்தை ஓர் அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், அடியிலிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். இன்றைக்கே ஏறிவிடாது. ஏறியபின் அவ்வளவு சீக்கிரம் இறங்கியும் போகாது.

நூற்றைம்பது அடிக் குழாய், இந்த நல்ல தண்ணீர்ப் படலத்தைத் துளைத்துக்கொண்டு நேரே உப்புக்குள் போய் நிற்கும். பெரிய மோட்டார் வேறு வைத்தால், குழாயின் அடியில் உப்பு நீர் புற்று மாதிரிக் குவிந்து மேலே எழும்பும். முதல் மாதம் தித்திப்பாக வந்த தண்ணீர் ஆறாம் மாதம் கரிக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மாப்பிள்ளை என்னைப் பிடித்துக்கொள்வார். டெல்டாக் கடலோரத்தில் சில இடங்களில் உப்பு அடுக்குக்கும் கீழே, களிமண் மூடிய வேறொரு மணல் அடுக்கில் நல்ல தண்ணீர் உண்டு. அவர் கேள்விப்பட்டது அதுவாக இருக்கலாம். ஆனால் அது அந்த மனையில் இருக்கிறதா என்று நில மின்தடை ஆய்வு (மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி, எந்த ஆழத்தில் எந்த நீர் என்று கணிப்பது) செய்து பார்க்காமல் துளை போடக் கூடாது. போட்டாலும், உப்பு அடுக்கைக் கடக்கும் இடத்தில் குழாயைச் சுற்றிச் சரியாக அடைக்க வேண்டும். அடைக்காத துளை வழியாக மேல் உப்பு கீழே இறங்கி, ஊருக்கே பொதுவான நல்ல தண்ணீரைக் கெடுக்கும்.

கொடுக்க நினைத்த பணத்தில் கொஞ்சத்தை இப்படிச் செலவிடச் சொல்லுங்கள். இருக்கிற மோட்டாரைக் கழற்றிவிட்டு அரைக் குதிரைத் திறன் மோட்டார். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, அவ்வளவுதான். கடலுக்கு எதிர்ப்பக்கமாக, அறுபது அடி தள்ளி, அதே பன்னிரண்டு பதினைந்து அடியில் இன்னொரு உறைக்கிணறு. ஒன்றில் ஒரு நாள், மற்றதில் மறுநாள். கூரை மழைநீர் மணல் தொட்டி வழியாகக் கிணற்றில் இறங்க ஒரு குழாய். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அமாவாசைக்கு அமாவாசை கிணற்று நீரில் அதை முக்கி, எண்ணை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். குடிநீருக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை. எண் மாதா மாதம் ஏறிக்கொண்டே போனால் இறைப்பு அதிகம் என்று பொருள்.

பட்டறைக் கணக்கு எழுதும் வீட்டுப் பெண் அல்லவா உங்கள் மகள்? நோட்டை அவரிடமே கொடுங்கள்.

கேள்வி: நீங்கள் சேலத்தில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் கடலோரத்துக்குப் புத்தி சொல்கிறீர்களே, எந்தத் தகுதியில்? (ஒரு வாசகர், கடலூர்)

பதில்: நல்ல கேள்வி. ஆனால் சேலத்துக்காரர் கடலோரத்துக்கு வருவது புதிதல்ல. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜிதான் 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு அள்ள நடந்தார். அவர் உப்பைத் தேடி வந்தார். நான் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வந்தேன், சம்பளத்துக்கு.

என் வேலை என்னவென்று சொல்கிறேன். ஐம்பது மில்லி தண்ணீரைக் குடுவையில் எடுத்து, பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு விட்டால் எலுமிச்சை மஞ்சளாகும். மேலே ப்யூரெட் என்ற அளவுக் குழாயில் சில்வர் நைட்ரேட். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசாகும் அதே வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் கிடைப்பது. சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்றினால் தயிர் கலந்தது மாதிரி வெண்மை படரும். தண்ணீரில் இருக்கிற குளோரைடு எல்லாம் வெள்ளியோடு சேர்ந்து முடிந்த கணத்தில், ஒரே சொட்டில், மஞ்சள் செங்கல் நிறமாக மாறும். எத்தனை மில்லி செலவானதோ அதுதான் உப்பின் கணக்கு. நல்ல கிணறு என்றால் சில மில்லியில் முடிந்துவிடும். கெட்ட கிணறு ஒரு ப்யூரெட்டைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்கும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்தில் வரிசையாகக் கேன்களில் கிணற்று நீர் வந்தது. ஒரே நாளில் கை வலிக்கும் அளவுக்குச் சொட்டு விட்டிருக்கிறேன். கிணற்றில் கடல் புகுந்துவிட்டது, இறைத்துக் கொட்டினால் சரியாகிவிடும் என்று எல்லாரும் நினைத்தோம். முதல் வாரம் நானும் "நன்றாக இறைத்துவிடுங்கள்" என்றுதான் சொன்னேன். சேறும் சகதியும் போக ஒரு முறை இறைப்பது சரி. திரும்பத் திரும்ப டீசல் மோட்டார் வைத்து அடிவரை இறைத்த கிணறுகளில் உப்பு குறையவில்லை, கூடியது. மேலே மிச்சமிருந்த கொஞ்ச நல்ல தண்ணீரையும் எடுத்துவிட்டு, கீழேயிருந்த உப்புக்கு நாங்களே வழிவிட்டோம். சும்மா விட்டு, மழைக்குக் காத்திருந்த கிணறுகள் அடுத்தடுத்த ஐப்பசி கார்த்திகைகளில் மெல்லத் தேறின. என் தகுதி என்று கேட்டீர்களே, அந்த ஒரு வாரத் தவறுதான்.

கேள்வி: நான் ஊராட்சி வார்டு உறுப்பினர். எங்கள் கடலோரக் கிராமத்தில் 400 வீடுகள். கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. அடுத்த இருபது ஆண்டுக்கான தண்ணீர்த் திட்டம் ஒன்று எழுதிக் கிராம சபையில் வைக்க ஆசை. எல்லாரும் "இன்னொரு மேல்நிலைத் தொட்டி" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? (ஒரு வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்: தொட்டி தண்ணீரைத் தராதம்மா, வைத்துக்கொள்ளும். தொட்டி கட்டினால் கல்வெட்டு வைத்துத் திறப்பு விழா நடத்தலாம், அதனால் எல்லாருக்கும் பிடிக்கும்.

முதலில் உங்கள் ஊரிலுள்ள தண்ணீரைத் தரம் பிரித்து எழுதுங்கள். கொள்ளிடத்துக் குழாய் நீர் வெளியூர் விருந்தாளி. வந்தால் சந்தோஷம். வராத நாள் ஒன்று இருக்கும் என்று வைத்துத்தான் சமைக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரை கடந்தபோது உங்களுக்கே தெரிந்திருக்கும்: மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் குழாயும் இல்லை, போரும் இல்லை. கப்பி போட்டு இறைக்கிற பழைய கிணறு உள்ள தெருவில்தான் கூட்டம் நின்றது. ஆகவே உங்கள் திட்டத்தின் முதல் வரி, பதினைந்து நாள் மின்சாரம் இல்லாமல் ஊர் எப்படித் தண்ணீர் குடிக்கும் என்பதாக இருக்கட்டும். தெருவுக்கு ஒரு கப்பிக் கிணறு, வெள்ளம் உள்ளே வழியாதபடி உயர்ந்த கைப்பிடிச் சுவர், மேலே மூடி. மோட்டார் வைக்கத் தடை.

இப்போது கணக்கு. ஜல் ஜீவன் திட்டப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் ஊருக்கு நாளொன்றுக்கு 88,000 லிட்டர். பயமாக இருக்கிறதா? அதில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர்தான், வீட்டுக்கு இருபது. தை முதல் புரட்டாசி வரையிலான ஒன்பது மாதத்துக்கு 5,400 லிட்டர். ஐந்நூறு சதுர அடிக் கூரை உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் என்று குறைத்தே போட்டாலும் அந்தக் கூரையில் 46,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணாகட்டும், 37,000 லிட்டர் மிச்சம். ஆறாயிரம் லிட்டர் மூடிய தொட்டி வீட்டுக்கு ஒன்று இருந்தால் வருடம் முழுவதும் குடிதண்ணீருக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. மீதி முப்பதாயிரம் மணலுக்குள் போய்க் கிணற்றைத் தாங்கும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். நம் வீடுகளில் குழாய் இருக்கிறது, குழாயின் அடியில் குழி இல்லை, அல்லது குழியில் சைக்கிள் நிற்கிறது.

அடுத்தது மணல்மேடு. உங்கள் ஊரின் உண்மையான தொட்டி அதுதான், கட்டணமில்லாமல் கிடைத்தது. ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஊருக்கு மாதிரி எடுக்கப் போனேன். பெண்கள் ஏழெட்டுப் பேர் மணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குழியில் தண்ணீர் ஊறி வரும். கொட்டாங்குச்சியால் கலங்காமல் மேலாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். மறுபடி ஊறும் வரை பேச்சு. ஒரு குடம் நிறைய அரை மணிக்கு மேல். அவசரப்பட்டு ஆழமாகக் கிளறிய ஒரு சின்னப் பெண்ணின் கையில் அவள் பாட்டி ஓர் அடி வைத்தாள். "உவர் வந்துரும்டி" என்றாள். நான் எம்.எஸ்சி. படித்துத் தெரிந்துகொண்டது அந்தக் கிழவிக்குக் கொட்டாங்குச்சியிலேயே தெரிந்திருந்தது. பக்கத்தில் போட்டிருந்த அடிபம்பு நீரை வாயில் வைக்க முடியவில்லை.

பெண்கள் அரை மணி காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வேகத்தைக் குழாய்க்குக் கொண்டுவரலாம். துளையிட்ட பி.வி.சி. குழாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கிடையாக, நூறு அடி நீளத்துக்குப் புதைத்து, ஒரு உறைக்கிணற்றில் சேர்த்தால், பரப்பு முழுவதிலிருந்தும் மேல் தண்ணீர் மட்டும் மெதுவாக வடிந்து வரும். ஓர் இடத்திலிருந்து உறிஞ்சுவதில்லை, அதனால் உப்பு எழும்புவதில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் மணல்மேட்டுத் தண்ணீர் குடிக்கிறது. எடுத்து எடுத்து அங்கேயும் உப்பு ஏறத் தொடங்கியது. 1957 முதல் ரைன் ஆற்று நீரைக் கொண்டுவந்து மணலில் விட்டு, ஊறவைத்து, பிறகு எடுக்கிறார்கள். உங்களிடம் ரைன் இல்லை, ஆனால் கார்த்திகையில் வாய்க்கால் நிறைய வெள்ளம் கடலுக்கு ஓடுகிறதே, அதில் கொஞ்சத்தை மணற்பாங்கான குட்டைகளில் நிறுத்துங்கள். மேட்டிலிருந்து ஒரு லோடு மணல்கூட வெளியே போகக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள். பனையையும் தாழையையும் வெட்டாதீர்கள்.

குளத்தைத் தூர்வாரும்போது ஜாக்கிரதை. பெயர் வேண்டாம், ஓர் ஊரில் ஊருணியைப் 'பிரமாதமாக' ஆழப்படுத்துகிறோம் என்று பொக்லைனை விட்டார்கள். அடியிலிருந்த களிமண் கிழிந்தது. அடுத்த கோடையில் குளம் நிறையத் தண்ணீர் இருந்தது, மாடுகூடக் குடிக்கவில்லை. கடலோரத்தில் குளத்தை அகலப்படுத்துங்கள், ஆழப்படுத்த வேண்டாம்.

வாய்க்கால் கடலைச் சேரும் இடத்தில் ஷட்டர் இருக்கிறதா? கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது, அலையேற்றத்தில் கடல் நீர் வாய்க்கால் வழியாகவே ஊருக்குள் கிலோமீட்டர் கணக்கில் வரும். வெண்ணாற்றுப் பகுதியில் கடைமடை ஒழுங்கியங்கள், அதாவது ஷட்டர் வைத்த தடுப்புகள், கட்டியிருப்பது இதற்காகவும்தான். ஷட்டரைத் திருகும் கைப்பிடி யார் வீட்டில் இருக்கிறது, கடைசியாக எப்போது கிரீஸ் போட்டார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். பல ஊர்களில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க ஒரு வாரம் ஆகும்.

இறால் பண்ணை பக்கத்தில் இருந்தால் அதையும் வரைபடத்தில் குறியுங்கள். உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே இதில் தலையிட்டது. 2005இல் தனிச் சட்டமும் வந்தது. பதிவு உண்டா, கழிவு நீர் எங்கே போகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் சிலர் முகம் கோணும், வேறென்ன.

கடைசியாக நோட்டு. ஊரைச் சுற்றிப் பத்துக் கிணறு தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை நீர்மட்டமும் டிடிஎஸ்ஸும் எழுத வேண்டும். பள்ளி அறிவியல் ஆசிரியரைப் பிடியுங்கள், பிள்ளைகள் உற்சாகமாகச் செய்வார்கள். மூன்று வருட நோட்டு கையில் இருந்தால் எந்த அதிகாரி முன்னாலும் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேசலாம். அந்த மேல்நிலைத் தொட்டி வேண்டுமா என்பதையும் அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

கேள்வி: கடலுக்குப் போகிற ஆற்றுத் தண்ணீர் வீண்தானே? ஒரு சொட்டுகூட விடாமல் தடுத்துவிட்டால் என்ன? எங்கள் மலையில் பெய்கிற மழையும் கடலுக்குத்தான் போகிறதா? (ஒரு மாணவி, ஏற்காடு)

பதில்: என் ஊர்ப் பெண்! பதில் கொஞ்சம் நீளும்.

சேர்வராயன் கோயில் மேட்டில் நின்று கையை இரண்டு பக்கமும் நீட்டிக்கொள். சேலம் பக்கம் இறங்கும் மழை திருமணிமுத்தாறாகி, நகரத்துச் சாக்கடையையும் சாயத்தையும் சுமந்துகொண்டு, நாமக்கல் வழியாகக் காவிரியில் சேர்கிறது. பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் இறங்குவது வாணியாறு, தென்பெண்ணையில் கலந்து கடலூரில் கடலைச் சேர்கிறது. நம் மாவட்டத்திலேயே ஆத்தூர் வழியாகப் போகும் வசிஷ்ட நதி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் முடிகிறது. பரங்கிப்பேட்டைக்கும் நமக்கும் பழைய உறவு. 1830களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் அங்கே இரும்பு ஆலை நடத்தியது சேலத்து இரும்புத் தாதுவை வைத்துத்தான். அது இருக்கட்டும்.

முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை கடல் உள்ளே வராது. தள்ளுவதை நிறுத்தினால், கடல் ஆற்றின் வழியே நடந்து வரும். கரையோரக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரிக்கும். மீன் குஞ்சுகளும் இறாலும் வளர்வது உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கிற அந்த இடத்தில்தான். பிச்சாவரத்துச் சதுப்பு மரங்களும் அப்படியே. இன்னொன்று மணல். கடற்கரை மேட்டுக்கு மணல் கொண்டுவந்து கொடுத்தது ஆறு. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரி மேலிருந்து கொண்டுவந்த வண்டலில் பெரும் பங்கு, 120 அடி வரை தண்ணீர் தேக்கும் அந்தச் சுவருக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. டெல்டாவுக்குச் சோறு போடுவதும் அதே அணைதான், அதனால் அதைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ஆனால் ஒரு சொட்டுகூட விடக் கூடாது என்பவர் கடலோரத்தில் பெண் எடுத்தவராக இருக்க மாட்டார்.

கேள்வி: கடலே பக்கத்தில் இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைத்துவிட்டால் இந்தத் தலைவலி எல்லாம் எதற்கு? (ஒரு வாசகர், சேலம் சூரமங்கலம்)

பதில்: சென்னைக்குச் சரி. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனுள்ள ஆலைகள் வந்தன. 2024இல் நெம்மேலியில் இன்னும் பதினைந்து கோடி லிட்டருக்கு ஒன்று வந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் அனுப்ப வேண்டியிருந்தது. அது மேட்டூர்த் தண்ணீர், நம் பங்கு! அந்த நிலையில் ஆலை இல்லாமல் முடியாது.

ஆனால் விலையைப் பாருங்கள். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதைச் சவ்வு வழியாக அழுத்தித் தள்ள, ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம். உள்ளே எடுத்ததில் பாதிக்கும் குறைவாகத்தான் குடிநீராகும். மீதி இரு மடங்கு உப்போடு மறுபடி கடலுக்கு. சவ்வு மாற்ற வேண்டும், ஆள் வேண்டும், இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். நானூறு வீட்டுக் கிராமத்துக்குக் கட்டிக்கொடுத்த சின்ன ஆலைகள் சவ்வு அடைத்துப் பூட்டிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பூட்டு மட்டும் கடல் காற்றில் துருப்பிடித்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, திறக்கவே முடியவில்லை.

கேள்வி: ஆர்.ஓ. தண்ணீர் குடித்தால் முழங்கால் வலி வருமா? (ஒரு வாசகி, ஆத்தூர்)

பதில்: முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள். என்னிடம் கேட்டால், வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு குடம் தர இரண்டு மூன்று குடத்தைக் கழிவாக வெளியே விடுகிறது, அதைப் பிடித்துப் பாத்திரம் கழுவுங்கள் என்பேன். உங்கள் பக்கத்துப் போர் நீரில் ஃபுளோரைடு இருக்க வாய்ப்பு உண்டு. முதலில் அதைப் பரிசோதியுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் என்றால் ஆர்.ஓ. தேவைதான்.

கேள்வி: கடல் மட்டம் உயர்கிறது என்கிறார்கள். கடலோர ஊர்கள் எல்லாம் எப்படியும் உப்பாகப் போகிறது என்றால், திட்டம் போட்டு என்ன பயன்? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: உயர்கிறது, உண்மை. 2006 முதல் 2018 வரை உலகச் சராசரியாக ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் உயர்ந்ததாக ஐ.நா. காலநிலைக் குழுவின் அறிக்கை சொல்கிறது. அதே வேகம் என்றால் இருபது ஆண்டில் ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர், நான்கு விரல்கடை. வேகம் கூடிக்கொண்டும் போகிறது.

ஆனால் பக்கத்தில் இன்னொரு எண்ணை வையுங்கள். ஓர் அடி என்பது 305 மில்லிமீட்டர். இந்த வேகத்தில் கடல் ஓர் அடி ஏற எண்பது வருடத்துக்கு மேல் ஆகும். உங்கள் தெருவில் ஒரு ஐந்து குதிரைத் திறன் மோட்டார், கிணற்று மட்டத்தை ஓர் அடி இறக்க ஒரு கோடை போதும். உப்பைப் பொறுத்தவரை கடல் ஏறினாலும் கிணறு இறங்கினாலும் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். கடலை நிறுத்த உங்களாலும் என்னாலும் ஆகாது, மோட்டாரை நிறுத்தலாம்.

எனக்கு அதைவிடக் கவலை கரை அரிப்பு. மணல்மேடு அகலம் குறைந்தால் அதில் தங்கும் நல்ல தண்ணீரின் கனமும் குறையும். இருபதாண்டுத் திட்டம் எழுதுகிறவர் இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம்: ஊரின் பழைய பனைமரம் ஒன்றிலிருந்து அலையேற்றக் கோடு வரை எத்தனை அடி என்று அளந்து வைப்பது. அடுத்த வருடம் அதே மாதம், அதே திதியில் மறுபடி அளப்பது.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்? (ஒரு வாசகி, சேலம் அம்மாபேட்டை)

பதில்: குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர், காய்ச்சி, மண்பானையில். வராத நாளில் கூரைத் தொட்டி மழைத் தண்ணீர், அதையும் காய்ச்சித்தான். போர் நீர் துணி துவைக்க. சோப்பு நுரைக்காது, வேலைக்கார அம்மா தினமும் என்னைத் திட்டுகிறார். மாதம் ஒரு முறை ஏற்காட்டில் அண்ணன் வீட்டுக்குப் போகும்போது இரண்டு கேன் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவருவேன். அது காபிக்கு மட்டும். விருந்தாளிக்குக் கிடையாது.